தீவுக்கு ஒரு கதை, தொடருக்கு ஒரு கதை: அறிவியல் புனைகதைத் தொடரின் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

அறிவியல் புனைகதைத் தொடர் எழுதுபவரை இரண்டு ஆசைகள் இரண்டு பக்கம் இழுக்கும். வாரம் ஒரு சாகசம் என்று எழுதினால் படித்தவர் அன்றே மறந்துவிடுகிறார். பெரிய கதை ஒன்றைச் சுமந்துகொண்டு போனால், நான்காவது வாரத்தில் வந்து சேர்ந்தவருக்குத் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை. இரண்டையும் ஒரே தொடரில் ஓடவிட முடியும். அது எங்கே சிக்குகிறது என்பதை வெளியே தெரியும் அறிகுறியை வைத்துக் கீழே பிரித்திருக்கிறோம். உங்கள் தொடரில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் மூன்றாவது அறிகுறியை எல்லோரும் படியுங்கள். மற்றவற்றில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஒரு பகுதிக்குள்ளேயே தொடங்கி முடியும் சாகசத்தை மேல்கதை என்றும், தொடர் முழுக்க ஓடுவதை அடிக்கதை என்றும் வைத்துக்கொள்வோம்.

விளக்குவதற்கு ஒரு மாதிரித் தொடர் வேண்டும். மன்னார் வளைகுடாவில் மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. 1986 முதல் அவை கடல்சார் தேசியப் பூங்கா. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போதே நீருக்குள் போய்விட்டன. நம் தொடர் 2091இல் நடக்கிறது. எஞ்சிய தீவுகளைச் சுற்றிக் கடலடியில் இரும்புச் சட்டங்களை நட்டு, குறைந்த அழுத்த மின்சாரம் பாய்ச்சி, சுண்ணாம்பு படியவைத்துப் பவளம் வளர்க்கிறார்கள். இந்த உத்தி இன்றைக்கே உள்ளது. சட்டங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கருவிக்கு 'அரண்' என்று பெயர் வைப்போம். அரண் பழுதானால் போய்ப் பார்க்கும் படகில் மூன்று பேர்: 52 வயதுப் பெண் டிரைவர் லூர்து, கீழக்கரை இன்ஜினியர் நிஷா, சங்கு குளிக்கும் பரம்பரையில் வந்த முனியசாமி. பகுதிக்கு ஒரு தீவு, ஒரு பழுது. மொத்தம் 12 பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 2000 சொற்கள்.

அடிக்கதை இது: எல்லாத் தீவுகளுக்கும் மின்சாரம் போதாது. எந்தத் தீவை, அதன் பின்னால் இருக்கும் எந்த ஊரைக் கைவிடுவது என்று 2068இல் யாரோ ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். படகில் இருப்பவர்கள் பழுது என்று நினைத்துச் சரிசெய்துகொண்டிருப்பவற்றில் பாதி பழுதே அல்ல, உத்தரவு.

அறிகுறி 1: நடுவில் சேர்ந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை

முதலில் சோதனை. தொடரைப் படிக்காத ஒருவரிடம் ஆறாம் பகுதியை மட்டும் கொடுங்கள். படித்து முடித்ததும் மூன்று கேள்விகள்: இதில் யாருக்கு என்ன வேண்டும், அதற்குத் தடை என்ன, கடைசியில் கிடைத்ததா. மூன்றுக்கும் பதில் வந்தால் அந்தப் பகுதி தேறிவிட்டது. அவருக்குப் பட்டியலைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்கலாம், பரவாயில்லை.

பதில் வராவிட்டால் பெரும்பாலானோர் தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கத்தை நீட்டுகிறார்கள். அதனால் நோய் கூடுமே தவிரக் குறையாது. குறைவது தகவல் அல்ல, அந்தப் பகுதிக்கென்று சொந்தமான ஒரு வேலை. முதல் 150 சொற்களுக்குள் கைக்கு எட்டும் வேலை ஒன்று வந்தாக வேண்டும்: "முயல் தீவு அரண் அணைந்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் ஓட வைக்க வேண்டும்." அவ்வளவு போதும். பழைய சேதி கட்டாயம் தேவைப்பட்டால் ஒரு பகுதிக்கு இரண்டு வாக்கியம். அதையும் யாராவது யாரிடமாவது கோபத்திலோ பயத்திலோ சொல்லும்படி வையுங்கள். இருவருக்கும் தெரிந்ததை ஒருவர் இன்னொருவருக்கு விளக்கும் வசனம் வந்தால் அடித்துவிடுங்கள்.

அறிகுறி 2: ஒவ்வொரு பகுதியும் நன்றாக இருக்கிறது, ஆனால் அடுத்ததைத் தேடி யாரும் வரவில்லை

மூன்றாம் பகுதியையும் ஏழாம் பகுதியையும் இடம் மாற்றிப் பாருங்கள். எந்த வாக்கியமும் இடிக்கவில்லை என்றால் கோளாறு அங்கேதான். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. 1966 முதல் 1969 வரை வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான முதல் ஸ்டார் ட்ரெக்கின் 79 பகுதிகளும் பெரும்பாலும் அப்படித்தான் அமைந்தன. தொலைக்காட்சி நிலையங்கள் எந்த வரிசையிலும் மறுஒளிபரப்புச் செய்ய அது வசதி. உங்கள் வாசகர் வரிசையாகப் படிக்கிறார், அந்தக் கட்டாயம் உங்களுக்கு இல்லை.

மருந்து: ஒவ்வொரு பகுதியிலும் திரும்ப முடியாத மாற்றம் ஒன்றே ஒன்று. சாவு, வெடிப்பு என்று போக வேண்டியதில்லை. முனியசாமியின் இடது காது ஆழத்தில் பழுதாகி, இனி பத்து மீட்டருக்குக் கீழே போக முடியாமல் ஆவது ஒரு மாற்றம். நிஷா ஒரு பொய் சொல்லி, அது பதிவேட்டில் ஏறிவிடுவதும் ஒரு மாற்றம்.

இதைக் கண்காணிக்கத் தனியாகப் 'பாக்கி நோட்டு' ஒன்று போடுங்கள். நான்கு கட்டம் போதும்: பகுதி எண், என்ன மாறியது, யாருக்கெல்லாம் தெரியும், எந்தப் பகுதியில் திரும்ப வரும். மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான்காம் பகுதியில் நிஷா சொன்ன பொய் முனியசாமிக்குத் தெரியும், லூர்துக்குத் தெரியாது என்று எழுதி வைக்காவிட்டால், எட்டாம் பகுதியில் லூர்து அதை அறிந்தவர் போலப் பேசிவிடுவார். மூன்று பகுதிகளுக்கு மேல் ஒரு பாக்கி திரும்ப வராமல் கிடந்தால் வாசகர் மறந்திருப்பார். நடுவில் ஒரு வரியிலாவது அதைத் தொட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: அடிக்கதை வந்தால் மேல்கதை நின்றுவிடுகிறது

தொடர்களைக் கொல்லும் நோய் இதுதான். அடையாளம் காண்பது எளிது. பகுதியை அச்செடுத்து, சாகசம் நடக்கும் பத்திகளுக்கு ஒரு நிறமும் பெரிய கதை நடக்கும் பத்திகளுக்கு வேறு நிறமும் பூசுங்கள். இரண்டும் தனித்தனிக் கட்டியாகத் தெரிந்தால் உங்களிடம் இருப்பது ஒரு தொடரல்ல. ஒரே அட்டைக்குள் இரண்டு தொடர்கள் இருக்கின்றன.

மோசமான வடிவம் இப்படி இருக்கும். 21 தீவுகளில் ஒன்றான அப்பா தீவில் அரண் அணைந்துவிட்டது, கச்சான் காற்று ஏறுகிறது, படகு நங்கூரத்தை இழுக்கிறது. அந்த நேரத்தில் லூர்து அறைக்குள் போய்த் தன் அப்பாவின் பழைய டைரியை எடுத்து இரண்டு பக்கம் படிக்கிறார். அலை அவருக்காகக் காத்திருக்கிறது. டைரி மூடியதும் திரும்ப வீசுகிறது. அந்த இடத்தில் வாசகர் அலையையும் நம்பமாட்டார், டைரியையும் நம்பமாட்டார்.

சரிசெய்யும் முறையில் மூன்று படிகள்.

முதலில், பழுதின் காரணத்தை அடிக்கதையிலிருந்து எடுங்கள். அரண் ஏன் அணைந்தது? நண்டு கம்பியைக் கடித்தது என்று எழுதினால் மேல்கதை தனியாக நிற்கும். பட்டியலில் இந்தத் தீவின் முறை வந்துவிட்டது என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எல்லாப் பகுதியிலும் இப்படிச் செய்யக் கூடாது. முதல் மூன்றில் இரண்டு பழுதுகள் உண்மையான பழுதாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் உத்தரவு என்று தெரியும்போது அதிர்ச்சி இருக்காது.

அடுத்து, சாகசத்தை முடிக்கும் செயலும் பெரிய கதையை நகர்த்தும் செயலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்பா தீவுக் காட்சியைத் திரும்ப எழுதினால் (முதலில் பேசுவது நிஷா):

"கம்பி அறுபடல, லூர்தக்கா. பேட்டரியும் நல்லாத்தான் இருக்கு. ராத்திரி ரெண்டு பத்துக்கு நிறுத்தியிருக்காங்க."

"யாரு நிறுத்துனா?"

"உத்தரவுல பேரு போட்டிருக்கு. நீங்களே வந்து பாருங்க."

திரையில் லூர்துவின் அப்பா பெயர். பழைய உத்தரவை ரத்து செய்தால்தான் மின்சாரம் வரும். ரத்து செய்பவர் தன் பெயரைப் போட வேண்டும். நங்கூரக் கயிறு இன்னும் பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். லூர்து தன் பெயரைப் போடுகிறார். அரண் ஓடுகிறது, படகு தப்புகிறது, மகள் அப்பாவின் கையெழுத்தை அடித்துவிட்டார். டைரி தேவைப்படவே இல்லை.

கடைசியாக, வெற்றிக்கு ஒரு விலை வையுங்கள், அதை அடுத்த பகுதி கட்டட்டும். அப்பா தீவுக்கு வந்த மின்சாரம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டதுதானே. அடுத்திருந்த பூவரசன்பட்டிதான் முன்பே முங்கிவிட்டது. அதற்கும் அடுத்த வலிமுனையில் விளக்கு மங்குகிறது. அந்தப் பகுதி அங்கேயே முடியட்டும். வாசகருக்கு ஒரு சாகசம் முழுசாகக் கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் வர ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. ஆபத்தின் உச்சியில் பாதியில் நிறுத்தித் 'தொடரும்' போடுவதைவிட இது பலம். பாதியில் நிறுத்தினால் வாசகருக்குப் பதில் தெரிந்ததும் ஆவல் தீர்ந்துவிடும். விலையைச் சொல்லி நிறுத்தினால் அவர் வாரம் முழுக்க அதையே யோசிப்பார்.

அளவு: சாதாரணப் பகுதியில் 2000 சொற்களில் 300 சொல் அடிக்கதைக்குப் போதும். 4, 7, 9, 11ஆம் பகுதிகளைச் சந்திப்புப் பகுதிகளாக வைத்து அவற்றில் பாதிவரை கொடுக்கலாம். இரண்டு சந்திப்புப் பகுதிகளை அடுத்தடுத்து வைத்தால் புதியவர் நுழைய வாசல் இருக்காது, இடையில் ஒன்றாவது முழுச் சாகசமாக இருக்கட்டும்.

அறிகுறி 4: ஆறாம் பகுதிக்குப் பிறகு தொய்வு

பெரும்பாலும் காரணம் ஒன்றே. மர்மத்தைக் காப்பாற்றுவதற்காகப் பாத்திரங்கள் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். ஒரே படகில், ஒரே சட்டியில் சோறு தின்னும் மூன்று பேர் முக்கியமான சேதியை மூன்று வாரம் மறைப்பதை யாரும் ஒப்பமாட்டார்கள். வேறு வழியில்லாமல் மறைத்தே ஆக வேண்டும் என்றால், சொன்னால் இன்னது போகும் என்று காட்டுங்கள். நிஷா உண்மையைச் சொன்னால் அவள் உம்மா இருக்கும் தெருவுக்கு மின்சாரம் நிற்கும் என்றால் அந்த மௌனத்தை நம்பலாம்.

நல்ல மருந்து, ஏழாம் பகுதியில் பெரிய கேள்விக்குப் பதிலைக் கொடுத்துவிடுவது. பலர் இதற்குப் பயப்படுகிறார்கள், கையிருப்பு தீர்ந்துவிடும் என்று. தீராது. 'பட்டியலை யார் போட்டது' என்ற கேள்வி பாதித் தொடருக்குத்தான் தாங்கும். அதற்குப் பதில் வந்ததும் 'இனி அந்தப் பட்டியலை நாம் என்ன செய்வது' என்ற கேள்வி எழும். அதுதான் கனமானது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் அரசு அதை மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது. ஓர் ஊரை இனி ஊரில்லை என்று சொல்வது என்றால் என்ன என்பதை இந்தக் கரையில் வளர்ந்த வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த நினைவு உங்கள் அடிக்கதைக்குத் தானாகவே வந்து துணை நிற்கும். அதை வசனமாக்கி வீணாக்காதீர்கள்.

அறிகுறி 5: திறந்து கிடக்கும் முடிச்சுகள் பெருகிவிட்டன

எண்ணுங்கள். ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் இருந்தால் அதிகம். புதிதாக ஒன்றைத் திறக்கும் பகுதியில் பழையது ஒன்றை மூடுங்கள். மூடவே முடியாத முடிச்சு என்றால், அதைப் போட்ட பகுதிக்குத் திரும்பிப்போய் அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே வெளியாகிவிட்டதென்றால், அதற்கு மிகச் சாதாரணமான விடை ஒன்றைக் கொடுத்து அரைப் பக்கத்தில் முடியுங்கள்.

அறிகுறி 6: "இரண்டாம் பகுதியில் முடிந்தது, ஒன்பதில் ஏன் முடியவில்லை?"

வாசகர் இப்படிக் கேட்டால் உங்கள் உலகத்துக்கு விதித்தாள் இல்லை என்று பொருள். பகுதிக்குப் பகுதி வேறு சாகசம் வரும் தொடரில் இந்தக் கோளாறு சீக்கிரம் வரும், ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் புதுக் கருவி ஒன்று தேவைப்படுகிறது. ஒரே ஒரு பக்கம் எழுதி மேசையில் ஒட்டுங்கள். நம் மாதிரித் தொடருக்கு அந்தப் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

தூரமும் வேகமும்: படகு மணிக்கு 8 கடல்மைல், அதாவது சுமார் 15 கிலோமீட்டர். மண்டபத்திலிருந்து கீழக்கரைக்கு இரண்டரை மணி நேரம். குருசடையிலிருந்து நல்லதண்ணித் தீவுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். 'உடனே வந்து சேர்ந்தார்கள்' என்று எந்தப் பகுதியிலும் எழுத முடியாது.

பேச்சு: வானொலி அலை கடல்நீருக்குள் அதிக தூரம் போகாது, ஒலிதான் போகும், நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர். ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரணிடம் ஒன்று கேட்டால் பதில் வர எட்டு நொடி ஆகும். பவளத்தைச் சுற்றி இறால்கள் போடும் சடசட இரைச்சல் அந்த ஒலியைக் கெடுக்கும். ஆகவே தீவை நெருங்கும்போதுதான் கருவி சரியாகக் கேட்காது. இது இயற்கையே கொடுத்த தடை, இதற்காகத் தனி வில்லன் தேவையில்லை.

காற்று: தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடா, அதாவது ஆண்கடல், கொந்தளிக்கும். பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் அமைதியாக இருக்கும். வாடை திரும்பினால் நிலைமை தலைகீழ். ஜூலை மாதப் பகுதியில் படகு ஒதுங்க வேண்டுமென்றால் பாம்பன் கால்வாய் வழியாக வடக்கே போகும். டிசம்பரில் அதே வழியாகத் தெற்கே வரும். இதை மாற்றி எழுதினால் இராமேஸ்வரத்தில் இருக்கும் எந்த வாசகரும் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

நாட்காட்டி: இன்றைய சட்டப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மே மாதத்தில் விசைப்படகுத் துரத்தல் வைக்க வேண்டுமென்றால், 2091இல் அந்தத் தடை என்ன ஆனது என்று முன்பே ஒரு வரி வந்திருக்க வேண்டும்.

கற்பனைக் கருவிக்கும் இதே ஒழுங்கு. அது செய்வது ஒன்று, செய்யாதது இரண்டு, செய்யும்போது ஆகும் செலவு ஒன்று. செய்யாததைப் பயன்படுத்தும் பகுதிக்குக் குறைந்தது இரண்டு பகுதிகள் முன்பே வாசகருக்குச் சொல்லிவிட வேண்டும். அப்போது அது தந்திரமாகத் தெரியாது.

அறிகுறி 7: ஆபத்து கூடிக்கொண்டே போகிறது, ஆனால் யாருக்கும் பயமில்லை

ஒவ்வொரு வாரமும் உலகமே அழியப்போகிறது என்றால் வாசகர் பழகிவிடுவார். ஆபத்தின் அளவைக் குறையுங்கள், நெருக்கத்தைக் கூட்டுங்கள். ஒரு தீவு முங்குவதைவிட, தீவின் ஓரத்தில் பாசி எடுத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணின் ஒரு நாள் கூலி போவது நெஞ்சில் நிற்கும். பெரிய ஆபத்து 12 பகுதிகளில் இரண்டே முறை போதும்.

அறிகுறி 8: வரிசையோ ஆளோ கைமீறிப் போகிறது

ஒலித்தொடராகச் செய்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். குரல் கொடுத்தவர் வேலைக்குத் துபாய் போய்விடுவார். ஐந்து பருவத்துக்கும் சேர்த்துத் திட்டமிட்டு எழுதப்பட்ட பாபிலோன் 5 என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், முதல் பருவத்தோடு முதன்மைத் தளபதி பாத்திரம் விலகியது. வேறொரு தளபதியை வைத்துக் கதை தொடர்ந்தது. ஒவ்வொரு முக்கியப் பாத்திரத்துக்கும் வெளியேறும் வாசலை எழுதியவர் முன்பே யோசித்து வைத்திருந்தார். நீங்களும் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதி வையுங்கள்: இவர் போனால் கதையில் இவர் செய்யும் வேலை யாரிடம் போகும், போவதற்குக் காரணம் என்ன. லூர்து போனால் உத்தரவை ரத்து செய்த கையெழுத்தின் பொறுப்பு நிஷா தலையில் விழும் என்பது போல.

வெளியிடும் வரிசையையும் விட்டுக்கொடுக்காதீர்கள். 2002இல் ஃபயர்ஃப்ளை தொடரின் அறிமுகப் பகுதியை அமெரிக்கத் தொலைக்காட்சி கடைசியில்தான் ஒளிபரப்பியது. 14 பகுதிகள் எடுத்ததில் 11 மட்டுமே அப்போது வெளிவந்தன. எண்ணைக் கோப்பின் பெயரிலும், தலைப்பிலும், ஒலித்தொடர் என்றால் தொடக்க அறிவிப்பிலும் போடுங்கள்.

அறிகுறி 9: கடைசிப் பகுதி முழுக்க விளக்கம்

பதினோரு வாரம் பழுது பார்த்தவர்கள் பன்னிரண்டாம் வாரம் உட்கார்ந்து பேசுகிறார்கள். அதுவரை வந்த வாசகர் சாகசத்துக்காகவும் வந்தவர், அவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. கடைசிப் பகுதிக்கும் ஒரு தீவு, ஒரு பழுது, பொழுது சாய்வதற்குள் என்ற ஒரு கெடு வேண்டும். நல்லதண்ணித் தீவு அரணை ஓட வைக்க லூர்து எந்த ஊரின் பெயரையாவது பட்டியலில் எழுதியாக வேண்டும் என்று வைத்தால், கைவேலையும் முடிவும் ஒரே பொத்தானில் வந்து சேரும். மீதி விளக்கம் எதுவானாலும் பதினோராம் பகுதிக்குத் தள்ளுங்கள். அங்கே இடமில்லை என்றால் பதினோராம் பகுதியின் சண்டைக் காட்சியில் 300 சொல்லை வெட்டுங்கள், அறிமுகத்தில் வெட்டாதீர்கள். அறிமுகம் குறைந்தால் முதல் அறிகுறி திரும்ப வந்துவிடும்.